கதவுக்கு மேல் இரண்டு அங்குலம்

லாரிக்காரன் கையெழுத்துக் கேட்டான். ஆர்டர் போட்டவர்தான் போட வேண்டுமாம்.

"நான் அவன் அப்பன். குடு, நான் போடுறேன்," என்றார் கொத்தனார்.

"இதுல வேற பேரு இருக்கே பெரியவரே. அவரு எப்ப வருவாரு?"

"வரமாட்டான்."

"வெளியூரா?"

அதற்குள் மருமகள் உள்ளேயிருந்து வந்து பேனாவை வாங்கினாள். கணவன் பெயரையே எழுதினாள். அவன் போடுகிற மாதிரியே கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்துக்கூட விட்டாள். லாரிக்காரனுக்குத் திருப்தி. தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

மகன் போய் அன்றைக்கு முப்பத்தாறு நாள். அலுவலகத்தில் படியேறும்போது மூச்சு வாங்குகிறதென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சுவரில் சாய்ந்தான். அவ்வளவுதான். ஆள் போன சேதி மரத்துக்கு யார் சொல்வது? அது சொன்ன தேதிக்கு வந்து, பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி, கொல்லையில் ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

அந்த மரம் அங்கே வந்ததற்குக் காரணம் கொத்தனாரின் வாய். மருமகளுக்குப் பல் செட் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகு வைத்து, ரோஸ் நிறப் பசையை ஊற்றி, சின்ன மோட்டாரில் ராவி, ஈறும் பல்லுமாக எடுத்து வைப்பாள். எல்லாம் சமையலறை மேசையில்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது இவர் சொன்னார்: "சோத்துல பல்லு வாடை அடிக்குது. தட்டைத் திறந்தா அது என்னைப் பார்த்துச் சிரிக்குது. இது சமையக்கட்டா, இல்ல ஆஸ்பத்திரியா?" எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். மகன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கொல்லையில் அவளுக்கென்று ஒரு மர அறை போடலாமென்று எங்கோ பணம் கட்டிவிட்டு வந்தான். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கிக் கோக்கிற அறை. வீட்டிலேயே நாம் கட்டிக்கொள்ளலாம் அப்பா, இரண்டு பேர் போதும் என்றான்.

மரம் வந்த அன்று சாப்பிடும்போது மருமகள் சொன்னாள்.

"அக்கா கூப்பிடுறா மாமா. அவ ஊர்ல ஒரு கிளினிக்குலயே வேலை இருக்காம். மாசம் முடிஞ்சதும் போகலாம்னு இருக்கேன்."

"போயிட்டு வாம்மா. கொஞ்ச நாள் அங்க இருந்தா மனசுக்கு ஆகும்," என்றாள் மாமியார். அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வர்றதுக்கு இல்ல அத்தை. அங்கேயே இருக்கலாம்னு."

மாமியார் உரித்த முட்டையை யார் தட்டில் வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ரூம் வந்து கிடக்குதே," என்றார் கொத்தனார்.

"திருப்பி எடுத்துப்பாங்களான்னு கேக்கலாம்."

"எவன் எடுப்பான்? பிரிச்சுப் பார்த்து நொட்டை சொல்லுவான். உனக்குன்னு வந்தது. கட்டி முடிக்கிறேன், அப்புறம் போறதைப் பத்திப் பேசு."

"சரி மாமா," என்றாள். உப்பு வேண்டுமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி ஒரு சரி.

அந்த வீட்டில் அப்போது எல்லாமே அப்படித்தான். யாரும் அழுது முடிக்கவுமில்லை, சரியாகத் தொடங்கவுமில்லை. மூன்று பேரும் சாப்பிட்டு மூன்று தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்கள். குழாயை யாராவது மூடுகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது.

கொத்தனாருக்கு ஒரு கணக்கு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தனக்கென்று நாலு சுவர், ஒரு கதவு, சாவி, வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் ஒரு மேசை என்று வந்துவிட்டால் மனுஷி அதை விட்டுவிட்டுப் போகமாட்டாள். அவளும் போய்விட்டால் மகன் இந்த வீட்டில் இருந்ததற்கு ஆள் சாட்சி கிடையாது. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பியவருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை குறைவு, சுவர் மேல் உண்டு.

மறுநாளே கடப்பாரையை எடுத்தார். தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்த மாதம். மண் வெண்ணெயாக வெட்டுப்பட்டது. முழங்கால் ஆழம் போனபோது மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரர். அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் கொத்தனார்தான். காலையில் தொடங்கினால் நிறுத்துவதற்குத் திருகு கிடையாது.

"என்ன கொத்தனாரே, யானை கட்டப் போறீங்களா?"

"ஆமா. நீங்க வந்து தும்பிக்கையைப் பிடிச்சுக்குங்க."

"மரத்துக்கு எதுக்கு இவ்வளவு அஸ்திவாரம்? நாலு கல்லு வெச்சா போதும்னு பேப்பர்ல படம் போட்டிருக்கே. உங்க மருமக காட்டுச்சு."

"படம் போட்டவனா வந்து இதுல உக்காரப் போறான்?"

"அவன் உக்காரல, சரி. பல்லுதானே உக்காரப் போகுது! பல்லுக்கு முழங்கால் ஆழமா?"

சொன்ன பிறகுதான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தார் ரேடியோ. மகனின் சட்டையொன்றை உதறிக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு நாளாகியும் அவன் சட்டைகளை வாரம் ஒருமுறை துவைத்துக் காயப்போட்டாள். ரேடியோவின் தலை மதிலுக்குக் கீழே போய்விட்டது.

அஸ்திவாரம் கான்கிரீட்டாகவே போட்டார். ஆறு நாள் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் செத்ததுபோல் நின்றது. அதுவரைக்கும் அவருடைய வேலை. அதற்கு மேல் மரம். மரத்தை அவர் நம்பியதில்லை. செங்கல்லை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். மரம் வெட்டின பிறகும் சும்மா இருக்காது. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வளையும்.

கட்டைகளைப் பிரித்தபோது எல்லாம் ஈரத்தில் கனத்துக் கிடந்தன. ஒவ்வொரு கட்டைக்கும் முதுகில் நீளமாக ஒரு மேடு, வயிற்றில் நீளமாக ஒரு பள்ளம். கீழ்க்கட்டையின் மேட்டில் மேல்கட்டையின் பள்ளம் உட்கார வேண்டும். மூலையில் வெட்டு வெட்டாக ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆணி கிடையாது, பசை கிடையாது.

"நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் மாமா," என்று மருமகள் வந்தாள்.

"கனமா இருக்கும்மா."

"இருக்கட்டும்."

மகன் பிடிக்க வேண்டிய பக்கம் அது. இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் குனிந்து தூக்கினார்கள்.

கட்டையின் மேல் ஒரு துண்டுப் பலகையை வைத்து மரச் சுத்தியால் தட்ட வேண்டும். நேராகத் தட்டினால் மேடு நசுங்கிவிடும். "ம்" என்பார் இவர். அவள் அந்தக் கோடியில் தட்டுவாள். "ம்" என்பாள் அவள். இவர் தட்டுவார். ஒரு வரிசை முடிந்ததும் அவள் கட்டை விரல் நகத்தை இணைப்பு நெடுக ஓட்டுவாள்.

"இங்க நகம் போகுது மாமா."

"எங்க? எனக்குத் தெரியலையே."

"பல்லுல இவ்வளவு இருந்தா சோறு மாட்டிக்கும்."

கழற்றி மறுபடி உட்கார வைப்பார். நாற்பது வருஷத்தில் எந்தச் சித்தாளும் அவரைக் கழற்றி வைக்கச் சொன்னதில்லை. மூன்றாம் நாள் முதல் அவரே கேட்கத் தொடங்கினார்: "நகம் போகுதா பாரு." வேலை நேரத்துப் பேச்சு அவ்வளவுதான். பதினொரு மணிக்கு மாமியார் டீயும் ரொட்டியும் கொண்டுவந்து கட்டைக்குவியலின் மேல் வைப்பாள். வளர்ந்த சுவரைப் பார்க்காமலே திரும்பிப் போவாள்.

ஐந்தாம் நாள் கதவு நிலையைத் தூக்கி இடைவெளியில் நிறுத்தினார்கள். கனகச்சிதமாக நின்றது. அதற்கு மேலே கட்டை வரிசை வந்ததும் கொத்தனார் பின்னால் நகர்ந்து பார்த்தார். முகம் கோணிப் போயிற்று. நிலையின் தலைக்கும் மேலே ஓடிய கட்டைக்கும் நடுவில் இரண்டு அங்குலம் சும்மா கிடந்தது. மூன்று விரலை அடுக்கி உள்ளே விடலாம்.

"அறுத்த லட்சணத்தைப் பாரு. அளவு தப்பு. காசை வாங்கிட்டு என்னத்தையோ அனுப்பியிருக்கானுங்க."

மருமகள் தாளை எடுத்துப் பிரித்தாள். அதில் கதவுக்கு மேல் அந்த இடைவெளி தெளிவாக வரைந்திருந்தது. பக்கத்தில் ஒரு திருகாணி, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி.

"படத்துலயும் அப்படித்தான் இருக்கு மாமா."

"இருக்கும். தப்பு பண்ணினவன்தானே படமும் போட்டான். திருகாணி வேண்டாம்னு வேற சொல்றான். ஆணி மிச்சம் பிடிக்கிறான் பாரு, களவாணி. நிலையைச் சுவரோட கட்டாம விட்டா ஒருநாள் கதவு ஆளோட சாய்ஞ்சு விழும்."

செங்கல் வேலையில் அது சத்தியம். நிலையை இரும்புக் கொக்கி வைத்துச் சுவருக்குள் புதைக்காதவன் கொத்தனாரே இல்லை. கதவுக்கு மேல் ஓட்டை விட்டவனை அவர் சின்ன வயதில் சாரத்திலிருந்து இறக்கிவிட்டே அனுப்பியிருக்கிறார். மிச்சத் துண்டுகளைச் சீவி ஆப்பு செய்தார். எட்டு ஆப்பு. இரண்டு அங்குல இடைவெளியில் வரிசையாக வைத்து இறுக அடித்தார். பிறகு நிலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நீளத் திருகாணி. பக்கத்துக்குப் பதின்மூன்று. கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு நிலையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இப்ப பாரு. இது வேலை."

மருமகள் தாளைப் பார்த்தாள். ஆப்புகளைப் பார்த்தாள். தாளை நாலாக மடித்தாள்.

"டீ போடவா மாமா?" என்றாள். போய்விட்டாள்.

கூரை ஏறியது. மருமகளின் மேசை, மோட்டார், அச்சுகள் எல்லாம் கொல்லைக்குப் போயின. மாசம் முடிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு மாசமும் முடிந்தது. காலையில் ஒன்பது மணிக்கு அந்த மோட்டார் 'விர்'ரென்று தொடங்கும் சத்தம் கேட்டால்தான் கொத்தனாருக்குக் குடித்த டீ இறங்கியது. இரண்டு வருஷம் முன்னால் அவள் அவருக்கு ஒரு செட் செய்துகொடுத்திருந்தாள். எவன் வாய் அச்சோ என்று டப்பாவில் போட்டு வைத்திருந்தவர், இப்போது சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்.

"என்னங்க, இப்பதான் பல்லு முளைச்சுதா?" என்றாள் மனைவி.

"உன் வேலையைப் பாரு."

மருமகள் எட்டிப் பார்த்து, "வலது பக்கம் கொஞ்சம் ராவணும். குடுங்க," என்றாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிரவு கொத்தனார் நன்றாகத் தூங்கினார்.

மழை நின்று வறண்ட காற்று தொடங்கியது. துவைத்த துணி அரை மணியில் முறுகியது, உதடு வெடித்தது. ஒரு சாயங்காலம் கொத்தனார் சமையலறை ஜன்னலில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் கொல்லை அறையில் விளக்கைப் போட்டாள். சுவரில் கோடு கோடாக வெளிச்சம் வந்தது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, கதவின் இரண்டு பக்கமும், ஏணிப்படி மாதிரி.

போய்த் தொட்டுப் பார்த்தார். நகமே போகாமல் வைத்த இணைப்பில் இப்போது ஒரு காசு போயிற்று. உள்ளே மேசை மேல், வெள்ளை அச்சுகளின் மேல், மெல்லிய செம்மண் படிந்திருந்தது. மருமகள் ஒரு தூரிகையால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாள் இருக்கும் மாமா."

"சொல்லக்கூடாதா?"

அவள் தூரிகையை உதறினாள்.

காலையில் சிமெண்ட் கலந்தார். கொத்தனாருக்கு விரிசல் தெரிந்தால் வேறென்ன செய்வார்? கலவையை வாரிக் கரண்டியில் எடுத்தபோது அவள் வெளியே வந்தாள்.

"பூசாதீங்க மாமா."

"காத்து வருதும்மா. மண்ணு உன் வேலை மேல விழுது."

"பூசினா நிக்காது. மரம் காய்ஞ்சு சுருங்குது. சுவர் கீழ இறங்கப் பார்க்குது. நிலை அதைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. ஆப்பையும் திருகாணியையும் எடுத்தா தானா இறங்கி உக்காந்துடும்."

"எந்த ஆப்பு?"

"நீங்க அடிச்சதுதான். அந்த ரெண்டு அங்குலம் சுவர் இறங்கறதுக்காக விட்ட இடம்."

கரண்டியிலிருந்து கலவை அவர் காலில் சொட்டியது.

"உனக்கு எப்பத் தெரியும் இது?"

"அன்னைக்கே. பேப்பர்ல எழுதியிருந்துச்சு. பல்லு வார்க்கறதும் அப்படித்தானே, சுருங்கறதுக்கு இடம் விட்டுத்தான் ஊத்துவோம்."

"தெரிஞ்சும் பார்த்துக்கிட்டு நின்னியா? வாய் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு." அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "சொல்லணும்னு தோணல மாமா. நல்லா வந்தா என்ன, வராட்டா என்னன்னு இருந்துச்சு. உங்க மேல கோபம்லாம் இல்ல."

கோபமென்றால் கொத்தனாருக்குத் தெரியும். திட்டு வாங்கலாம், திருப்பிக் கொடுக்கலாம், மூன்றாம் நாள் மறக்கலாம். இது அதுவல்ல. அறை எழும்பிய அத்தனை நாளும் எதிர்க் கோடியில் கட்டையைப் பிடித்து நின்றவள் அங்கே இல்லவே இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது.

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியல. சிமெண்ட் வீணாப் போகுமேன்னு."

திருகாணிகளை அவள் ஒரு பக்கம் கழற்றினாள், இவர் ஒரு பக்கம். இருபத்தாறையும் ஒரு டப்பாவில் போட்டார்கள். ஆப்புகள் லேசில் வரவில்லை. சுவரின் பாரம் முழுக்க அதன் மேல் இருந்தது. உளி வைத்து ஒவ்வொன்றாகப் பிளந்தார். எட்டாவது ஆப்பு தெறித்து அவர் தோளில் பட்டது. அதே நேரம் 'தொம்'மென்று ஒரு சத்தம். கனமான ஆள் ஒருவர் சட்டென்று உட்கார்ந்த மாதிரி. உள்ளே அலமாரியில் பல் செட்டெல்லாம் கடகடவென்று ஆடி அடங்கின. கோடுகள் மூடிக்கொண்டன.

சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னங்க, யாரு விழுந்தது?"

"யாரும் விழல. சுவர் உக்காந்துச்சு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே, தரையில், கட்டைகளுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள். பிறகு, "அடுப்புல பால் வெச்சிருக்கேன்," என்று திரும்பிப் போனாள்.

கொத்தனார் மடக்கு அளவுகோலை விரித்துக் கதவுக்கு மேல் வைத்தார். அவருக்கு அங்குலமும் நூலும்தான் கணக்கு. எட்டு நூல் ஓர் அங்குலம். பதினாறு நூலாக இருந்த இடைவெளி பன்னிரண்டாகியிருந்தது.

"நாலு நூல் இறங்கியிருக்கு."

மருமகள் பென்சிலால் நிலையின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். "இன்னும் இறங்குமாம். ஒரு வருஷம் ஆகும்னு போட்டிருக்கு. அப்பப்ப அளந்து பார்க்கணும்."

"வருஷம் முழுக்க யாரு அளந்துக்கிட்டிருக்கிறது?"

"நீங்கதான் மாமா," என்றாள்.

அப்போது தெரிந்தது அவருக்கு. அளவுகோலை மடித்தார்.

"எப்ப?"

"அடுத்த வாரம். மோட்டாரை மட்டும் எடுத்துக்கிறேன். மேசை இருக்கட்டும்."

"ம்."

பஸ் ஏற்றிவிட அவரே பையைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் எதிர்க்கடையில் ஒருவன் ஷட்டருக்கு எண்ணெய் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வலது பக்கம் உறுத்தினா சொல்லுங்க மாமா," என்றாள். பஸ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மாமியார் பேசினாள்: சாப்பிட்டியா, அக்கா நல்லா இருக்காளா, அங்க தண்ணி எப்படி. பிறகு இவர் கையில் கொடுத்தாள். கொத்தனாருக்குப் போன் ஆகாது. எதிரில் முகமில்லாமல் என்ன பேச?

"ஒரு நூல் இறங்கியிருக்கு," என்றார்.

"அப்படியா? அப்ப மொத்தம் அஞ்சு."

அடுத்த ஞாயிறு அவளே கேட்டாள். இவர் காலையிலேயே அளந்து வைத்திருந்தார். ஆறு. அதற்கடுத்த ஞாயிறு ஏழு. எந்தக் கட்டை, எந்தப் பக்கம், மூலையில் நகம் போகிறதா என்று கேட்பாள். போகவில்லை என்பார். அப்படியே அக்கா வீட்டு நாய், கிளினிக்கில் வந்த ஒரு கிழவனின் பிடிவாதம் என்று இன்னும் நாலு வார்த்தை வரும்.

ஏழோடு சுவர் நின்றுவிட்டது.

"அப்படியே இருக்கும்மா," என்றார் ஒரு ஞாயிறு. "சரி மாமா, வெச்சிடவா," என்றாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு போன் வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தபோது கொத்தனார், "ஒரு நூல் இறங்கியிருக்கு," என்றார்.

நாற்பது வருஷத்தில் ஓர் அளவை மாற்றிச் சொன்னவரில்லை. மனைவி காதில் விழுந்தது. "காலையில நானும்தானே பார்த்தேன்? கட்டை கோட்டுக்கிட்ட இருந்த இடத்துலதான் இருக்கு."

"உனக்குக் கண்ணு தெரியல."

அதற்குப் பிறகு வாரம் ஒரு நூல். ஒன்பது, பத்து, பதினொன்று. அவள் எங்கோ எழுதி வைப்பதாகச் சொன்னாள். மறுபடி தூறல் மாதம் வந்தது. மரம் ஊதிக் கதவு இறுக்கமாயிற்று. கொத்தனார் ஞாயிறு தவறாமல் அளவுகோலோடு போய் அளந்தார். அளந்த அளவை அங்கேயே வைத்துவிட்டு வேறு அளவோடு திரும்பி வந்தார்.

"இந்த வாரம் மாமா?"

"ஒரு நூல்."

"இப்ப மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"பதினேழு."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு சின்ன மோட்டார் ஓடி நின்றது.

"பதினேழா?" என்றாள் மருமகள். "விட்ட இடமே பதினாறுதானே மாமா."

கொத்தனார் ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். கதவுக்கு மேல் அந்த இடைவெளி ஒன்பது நூல் அகலத்துக்கு அப்படியே கறுப்பாகத் தெரிந்தது.

"ஆமா," என்றார்.

அந்தப் பக்கம் தாளில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சரி," என்றாள். "அடுத்த ஞாயிறும் அளந்து சொல்லுங்க."